ஸ்பிட்டிக்கு பைக்கில் போகிறவர்களுக்கு: எந்தப் பக்கமிருந்து ஏறுவது, ஓடையை எத்தனை மணிக்குக் கடப்பது

ஸ்பிட்டி என்பது இமாச்சலப் பிரதேசத்தில் இருக்கும் உயரமான மலைப் பள்ளத்தாக்கு, காஸா அதன் முக்கிய ஊர். கேள்வி இது: "கோவையிலிருந்து மூன்று பேர் கிளம்புகிறோம். செப்டம்பர் கடைசியில் பன்னிரண்டு நாள் லீவ். மணாலியில் ஆரம்பித்து குன்சும் கணவாய் ஏறி காஸா போய், கின்னௌர் வழியாக சிம்லா இறங்கலாம் என்று திட்டம். இரண்டு பேரிடம் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் இருக்கிறது. மூன்றாமவர் ஊருக்குள் மட்டுமே ஓட்டியவர். வண்டியை ரயிலில் அனுப்பலாமா? என்னென்ன எடுத்துப்போக வேண்டும்? ஓடைகளில் இறங்கிக் கடப்பதை வீடியோவில் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது."

முதலில் திசையை மாற்றுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம். குன்சும் கணவாய் 4,550 மீட்டரை ஒட்டி. அந்தப் பக்கமிருந்து போனால் ஒரே பகலில் 2,500 மீட்டர் ஏறிவிட்டு, அன்று இரவே 4,250 மீட்டரில் இருக்கும் சந்திரதால் ஏரிப் பக்கத்திலோ 3,700 மீட்டர் அளவில் இருக்கும் காஸாவிலோ படுப்பீர்கள். முந்தாநாள் வரை கோவையில் இருந்த உடம்பு இது. தலைவலி, வாந்தி, ராத்திரி முழுக்கத் தூக்கமின்மை எல்லாம் வரிசையாக வரும். அதோடு, மொத்தப் பயணத்திலும் மோசமான சாலை மணாலிப் பக்கம்தான் இருக்கிறது. கை பழகாத முதல் நாளே அதில் இறங்குவீர்கள்.

சிம்லா பக்கமிருந்து போனால் உயரம் மெதுவாகக் கூடும். நார்கண்டா 2,700, கல்பா 2,960, தாபோ 3,280, காஸா 3,700. மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு இரவுக்கு 300 முதல் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. இந்த வரிசை கிட்டத்தட்ட அதற்காகவே அமைந்ததுபோல இருக்கிறது. பகலில் எவ்வளவு மேலே ஏறி இறங்கினாலும் பரவாயில்லை. படுக்கும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு சின்னக் கண்ணி. நிறையப் பேர் கல்பாவுக்கு அடுத்த இரவை நாகோவில் போடுகிறார்கள். ஏரி, கல் வீடுகள், கூட்டம் குறைவு என்று ஊர் அழகுதான். ஆனால் நாகோ 3,660 மீட்டர். கல்பாவிலிருந்து ஒரே தாவலில் 700 மீட்டர். நாகோவில் ஒரு டீ குடித்துவிட்டு, இன்னும் 65 கிலோமீட்டர் தள்ளி, கிட்டத்தட்ட 400 மீட்டர் கீழே இருக்கும் தாபோவில் போய்ப் படுங்கள். மறுநாள் காலை தெம்பாக எழுந்திருப்பீர்கள். தாபோ மடாலயம் 996இல் கட்டியது. வெளியே பார்த்தால் வெறும் மண் சுவர், உள்ளே ஆயிரம் வருஷத்து ஓவியம். காலையில் ஒரு மணி நேரமாவது அங்கே உட்காருங்கள்.

இரண்டாவது, கிலோமீட்டர் பார்த்துத் திட்டம் போடுவதை நிறுத்துங்கள். கோவையிலிருந்து சென்னை 500 கிலோமீட்டர், காலையில் கிளம்பினால் சாயங்காலம் போய்விடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. குன்சும் தாண்டி மணாலிப் பக்கம், பாட்டலிலிருந்து கிராம்ஃபூ வரை 50 கிலோமீட்டர்தான். நல்ல நாளில் நான்கு மணி நேரம், ஓடை ஏறியிருந்தால் ஆறு, ஒரு லாரி நடுவில் சிக்கிக்கொண்டால் அன்றைய பொழுதே போச்சு. ஸ்பிட்டியில் வண்டியையும் திறமையையும்விட நேரம் பெரிய விஷயம். எத்தனை மணிக்கு எங்கே இருக்கிறோம் என்பதைச் சரியாக வைத்துக்கொண்டால் சுமாராக ஓட்டுகிறவர்களும் பத்திரமாக வந்துவிடுவார்கள். அதைக் கோட்டைவிட்டால் கில்லாடிகளும் மாட்டிக்கொள்வார்கள்.

உங்கள் பன்னிரண்டு நாளை நான் இப்படிப் பிரிப்பேன். முதல் நாள் விமானத்தில் சண்டிகர். இரண்டாம் நாள் நார்கண்டா, மூன்றாம் நாள் கல்பா. இந்த இரண்டும் தார்ச் சாலை, அவசரமில்லை. நான்காம் நாள் கல்பாவிலிருந்து தாபோ. 160 கிலோமீட்டர் சொச்சம், ஏழெட்டு மணி நேரம். கின்னௌரில் பாறையைக் குடைந்து போட்ட சாலை. கப் என்ற இடத்தில் ஸ்பிட்டி ஆறு சட்லெஜில் கலக்கிறது. அதோடு பச்சை முடிந்து பழுப்பு மலை ஆரம்பம். ஐந்தாம் நாள் தாபோ மடாலயம், தன்கர், காஸா. ஆறாம் நாள் காஸாவில் பைகளை இறக்கி வைத்துவிட்டு வெறும் வண்டியோடு லாங்சா, ஹிக்கிம், கோமிக். கோமிக் 4,500 மீட்டரைத் தாண்டும். மேலே ஏறி, இறங்கி வந்து கீழே படுப்பது உடம்பு பழக நல்ல வழி, சரளையில் கை பழகவும் நல்ல இடம். ஏழாம் நாளும் காஸாதான்: கீ மடாலயம், கிப்பர், சிச்சம் பாலம், வண்டிக்கு ஒரு முறை ஸ்பேனர் போடுவது, துணி துவைப்பது. எட்டாம் நாள் சந்திரதால். ஒன்பதாம் நாள் மணாலி. பத்தாம் நாளைக் காலியாக விடுங்கள். பதினொன்றில் சண்டிகர், பன்னிரண்டில் ஊர்.

அந்தப் பத்தாம் நாளை யாராவது ஒருவர், "சும்மா கிடக்கிறதே, பின் பள்ளத்தாக்கு போகலாமா, சித்குல் சேர்க்கலாமா" என்று கேட்பார். கொடுக்காதீர்கள். 2018 செப்டம்பர் கடைசி வாரத்தில் பருவம் தப்பிப் பெய்த பனியில் லாஹௌல்-ஸ்பிட்டி முழுக்க நூற்றுக்கணக்கானவர்கள் அங்கங்கே அடைபட்டுக் கிடந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர் போக வேண்டியிருந்தது. 2023 ஜூலையில் சந்திரதாலில் மட்டும் முந்நூறு பேர் அளவில் நாட்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். ஜூலை மாதத்திலேயே பனி! நீங்கள் போவதும் அதே செப்டம்பர் கடைசி. பெரும்பாலும் வானம் நீலமாகத்தான் இருக்கும். ஆனால் காஸாவிலிருந்து கிளம்பும் முன் வானிலை எச்சரிக்கை வந்தால் குன்சும் பக்கம் போகாமல் ஒரு நாள் உட்கார்ந்திருக்க, அல்லது வந்த வழியே கின்னௌர் வழியாகத் திரும்ப, கையில் நாள் இருக்க வேண்டும். விமான டிக்கெட் நெருக்கினால்தான் ஆட்கள் தவறான நேரத்தில் கணவாய் ஏறுகிறார்கள்.

இப்போது ஓடைக்கு வருகிறேன். நீங்கள் பயப்படும் வீடியோக்களில் முக்கால்வாசி ஜூலை, ஆகஸ்ட் மத்தியானத்தில் எடுத்தவை. செப்டம்பர் கடைசியில் தண்ணீர் நன்றாக வடிந்திருக்கும். இருந்தாலும் பாட்டலுக்கும், அதே வழியில் இருக்கும் சத்ரூவுக்கும் இடையே ஓடைகள் இருக்கத்தான் செய்யும். சாலை வேலை வருஷா வருஷம் நடக்கிறது, சில இடங்கள் தேறியிருக்கின்றன. ஆனால் ஒரு மழை போதும், மறுபடி பழைய குருடிதான்.

ஓடையின் கணக்கு இதுதான். மேலே பனியாறு. வெயில் பட்டு உருகும் தண்ணீர் சாலைக்கு இறங்கி வரச் சில மணி நேரம் ஆகும். அதனால் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை ஓடை உச்சத்தில் இருக்கும். ராத்திரி உருகுவது நின்று, விடிகாலையில் மிகக் குறைவாக இருக்கும். காலை எட்டு மணிக்குக் கணுக்காலளவு ஓடும் அதே ஓடை மூன்று மணிக்கு முழங்காலைத் தாண்டும், கல்லையும் உருட்டிக்கொண்டு வரும். ஆகவே சந்திரதால் முகாமிலிருந்து ஏழு மணிக்கு நகர்ந்துவிடுங்கள். பாட்டல் வரையிலான 14 கிலோமீட்டருக்கே ஒரு மணி நேரம் ஆகும், ஒரு வண்டி போகும் அகலம்தான், எதிரே ஜீப் வந்தால் யாராவது பின்வாங்க வேண்டும். எட்டு மணிக்குப் பாட்டல் டாபாவில் பரோட்டாவும் டீயும். பதினொன்றரைக்குள் சத்ரூ தாண்டினால் அன்றைய தண்ணீர்த் தொல்லை முடிந்தது. "இன்னும் சீக்கிரம், ஐந்து மணிக்கே கிளம்பலாமே" என்று நினைக்காதீர்கள். செப்டம்பர் கடைசியில் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும், ஓடையோரக் கற்களில் கண்ணாடி மாதிரி பனிப்படலம் இருக்கும். வெயில் வந்து அது இளகட்டும்.

ஓடை முன்னால் வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குங்கள். முதலில் வருகிறவர் நடந்து பார்க்க வேண்டும், அல்லது ஒரு ஜீப் கடக்கும் வரை காத்திருந்து அதன் சக்கரம் எங்கே முங்குகிறது என்று பார்க்க வேண்டும். தண்ணீர் சலசலவென்று உடைந்து ஓடும் இடம் ஆழமில்லாத இடம், அடியில் கல் இருக்கும். அமைதியாக, கறுப்பாக, வழவழவென்று ஓடும் இடம் ஆழம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கல்லைப் பார்த்துப் பயந்து அந்த வழவழப்பான இடத்துக்குத்தான் வண்டியைத் திருப்புவார்கள். ஓடை சாலையை விட்டு விழும் கீழ்விளிம்புப் பக்கம் போகவே போகாதீர்கள், அங்கே சாலையே அரித்துப் போயிருக்கும். சற்று மேல்பக்கமாக இறங்கி, தண்ணீர் தள்ளுவதற்கும் கொஞ்சம் இடம் விட்டு, எதிர்க்கரையில் ஏறும் இடத்தைக் குறி வையுங்கள்.

இறங்கியபின் முதல் கியர், ஆக்ஸிலேட்டர் ஒரே சீராக. கிளட்சை லேசாகப் பிடித்து இஞ்சின் அணையாமல் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் முழுக்க அமுக்கிவிடக் கூடாது. முன்சக்கரத்துக்கு நேர் கீழே பார்க்காதீர்கள். எந்தக் கல்லைப் பார்க்கிறீர்களோ அந்தக் கல்லில்தான் வண்டி ஏறும். கண் எதிர்க்கரையில் இருக்கட்டும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு கல்லும் உங்களைக் கவிழ்க்கும். தளர்வாகப் பிடித்தால் முன்சக்கரம் தானே வழி கண்டுபிடித்துப் போகும். நின்றுகொண்டு ஓட்டுவதுதான் சரியான முறை என்று எல்லோரும் சொல்வார்கள். பழகியவர்களுக்கு அது சரி. உங்களுக்கு உட்கார்ந்து, இரண்டு காலையும் தாழ்த்தி, துடுப்புப் போட்டு நடத்திக்கொண்டு போவதில் ஒரு வெட்கமும் வேண்டாம். ஷூ நனையும். நனையத்தான் செய்யும், காயவைத்துக்கொள்ளலாம். ஒருவர் கடக்கும்போது மற்ற இருவரும் வண்டியை நிறுத்திவிட்டு, கீழ்ப்பக்கம் தள்ளி நிற்காமல் மேல்பக்கமாகத் தயாராக நிற்க வேண்டும். வண்டி சரிந்தால் கீழ்ப்பக்கம் நிற்பவர்மேல்தான் விழும்.

முழங்கால் தண்ணீரெல்லாம் ஹிமாலயனுக்குப் பெரிய விஷயமில்லை, காற்று இழுக்கும் வாய் அதைவிட உயரத்தில் இருக்கிறது. ஓடும் இஞ்சினோடு தண்ணீருக்குள் சாய்ந்து விழுவதுதான் ஆபத்து. விழுந்தால் அடுத்த நொடியே இஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச். பிறகு வண்டியைத் தூக்கிக் கரையேற்றுங்கள். இப்போது செய்யக் கூடாத ஒன்று உண்டு: "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று பட்டனை அமுக்குவது. சத்ரூவுக்கு முன்னால் ஒரு ஓடையில் ஒருவர் அதைத்தான் செய்தார். ஸ்டார்ட்டர் ஒரு முறை "டக்" என்றது, அப்புறம் சத்தமே இல்லை. சிலிண்டருக்குள் தண்ணீர். தண்ணீர் காற்றுபோல அமுங்காது. பிஸ்டன் போய் அதில் முட்டினால் கனெக்டிங் ராடு வளையும். வண்டி பிக்கப் வேனில் மணாலி போனது.

சரியான முறை இதுதான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், ஈரமாக இருந்தால் வெளியே எடுத்து உதறி வெயிலில் வையுங்கள். சைலன்சரில் தண்ணீர் போயிருந்தால் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி வடியவிடுங்கள். பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரை விட்டுவிட்டு அமுக்கினால் சிலிண்டரில் இருக்கும் தண்ணீர் பிளக் துவாரம் வழியே பீய்ச்சி அடிக்கும், முகத்தை அங்கே வைக்காதீர்கள். புகை மாதிரி ஈரமும் நின்றபின் பிளக்கைத் துடைத்து மாட்டுங்கள். ஆயில் கண்ணாடியில் பாருங்கள். ஆயில் டீ நிறத்தில் பால் கலந்ததுபோல இருந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது, ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது. இதற்காகவே பிளக் ஸ்பேனரும் ஒரு லிட்டர் ஆயிலும் கையில் இருக்க வேண்டும். இந்த வேலையை ஊரிலேயே ஒரு முறை, வீட்டு வாசலில், நிதானமாகச் செய்து பாருங்கள். 4,000 மீட்டரில் விரல் விறைத்துப்போய் முதல்முறையாகப் பிளக்கைத் தேடக் கூடாது.

வண்டியைப் பற்றி. ஹிமாலயன் 411 இந்தச் சாலைக்குப் போதும், தாராளமாகவே. குன்சும் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. பெட்ரோல் இஞ்செக்ஷன் கலவையைச் சரிசெய்துகொள்ளும், ஆனால் இல்லாத பிராணவாயுவை எங்கிருந்து கொண்டுவரும்? 24 குதிரைத்திறன் வண்டியில் ஊரில் ஓடும் 150 சிசி வண்டியின் பலம்தான் மிஞ்சும். எடையோ 200 கிலோ. எனவே ஏற்றத்தில் தயங்காமல் முதல் கியருக்கு வாருங்கள், கிளட்சைத் தேய்த்தே ஏறாதீர்கள். பழைய கார்புரேட்டர் வண்டிகள் அங்கே மூச்சுத்திணறி கறும்புகை விடும், அவற்றைத் தவிர்க்கலாம். இன்னொன்று, 411இல் கிக்கர் கிடையாது. பேட்டரி இரண்டு மூன்று வருஷத்துப் பழசு என்றால் போகும் முன்னே மாற்றிவிடுங்கள்.

ரயிலில் அனுப்பலாமா என்றால், அனுப்பலாம். நீங்கள் போகும் அதே ரயிலில் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாக ஏற்றுவது ஒன்று, டிக்கெட் இல்லாமல் பார்சலாக அனுப்புவது இன்னொன்று. இரண்டுக்கும் டேங்க்கைக் காலிசெய்து, சாக்கு சுற்றி, ஆர்சி, அடையாள அட்டை நகல் தர வேண்டும். ஆனால் வண்டி நீங்கள் எதிர்பார்க்கும் நாளில் வந்து சேரும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். ஒரு மாத லீவ் இருந்தால் சொந்த வண்டி சுகம். பன்னிரண்டு நாளில் இந்தச் சூதாட்டம் வேண்டாம். சண்டிகரிலேயே வாடகைக்கு எடுங்கள். எடுக்கும்போது பிரேக் பேடு, செயின், டயர் பள்ளம், கிளட்ச் லீவரின் தளர்ச்சி நான்கையும் பார்த்து, வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று கையில் வாங்காமல் நகராதீர்கள். வெளியூர் வாடகை வண்டிகளை லடாக்கில் சுற்ற அங்குள்ளவர்கள் விடுவதில்லை. ஸ்பிட்டியில் அந்தப் பிரச்சினை இல்லை. இந்தியர்களுக்கு ஸ்பிட்டிக்கு அனுமதிச் சீட்டும் தேவையில்லை. சும்தோ, லோசர் செக்போஸ்ட்டுகளில் பெயர் எழுதச் சொன்னால் எழுதிவிட்டுப் போங்கள். மணாலிக்கு அடல் சுரங்கப்பாதை வழியாகத் திரும்பினால் ரோத்தாங் அனுமதியும் வேண்டாம்.

டயரில் காற்று: காஸா தாண்டிச் சரளையில் இறங்கும்போது வழக்கத்தைவிட நான்கைந்து பிஎஸ்ஐ குறைத்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். ரொம்பக் குறைத்தால் கூர்க்கல்லில் டியூப் கிள்ளி வெட்டிக்கொள்ளும். சின்னக் கைப்பம்பும் அழுத்தமானியும் அதற்குத்தான். டியூப் ஒன்றுதான் எடுக்க இடம் இருக்கிறது என்றால் முன்சக்கரத்து 21 அங்குல டியூபை எடுங்கள். அவசரத்துக்கு அதைப் பின்னாலும் மடித்துத் திணித்து அடுத்த ஊர் வரை போகலாம், பின்டியூபை முன்னால் போட முடியாது. கிளட்ச் கேபிள், கிளட்ச் லீவர், பிரேக் லீவர், செயின் லிங்க், டயர் லீவர், கம்பி, டேப், எம்-சீல். அடிபட்ட அலுமினிய உறையை எம்-சீல் பல பேருக்கு மணாலி வரை காப்பாற்றியிருக்கிறது. பின்பிரேக் ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி உங்கள் வண்டியில் இருந்தால் சரளை இறக்கத்தில் அணைத்துவிடுங்கள். தார் வந்ததும் மறக்காமல் மறுபடி போடுங்கள்.

அலுமினியப் பெட்டி மாட்டாதீர்கள். படத்தில் கம்பீரமாக இருக்கும். சகதியில் வண்டி சாய்ந்து கால் பெட்டிக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டினால் கணுக்கால் போய்விடும். துணிப் பை போதும், அதையும் அரைகுறையாக நிரப்புங்கள். ஐந்து லிட்டர் கேன் கட்டிக்கொண்டு போவதும் இந்தச் சுற்றுக்குத் தேவையில்லாத பாரம். கின்னௌரில் ரெக்காங் பியோவுக்குக் கீழே பவாரியில் பங்க், அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டரில் காஸாவில் பங்க். காஸாவில் நிரப்பினால் சந்திரதால் சுற்றியும் மணாலி வந்துவிடலாம். 411க்கு 15 லிட்டர் டேங்க், முதல் கியரிலேயே உருட்டினாலும் போதும். பங்க்கைப் பார்த்ததும் நிரப்புவது என்ற ஒரே விதி போதும். காஸாவில் சில நாள் பெட்ரோல் தீர்ந்து போவதுண்டு, அதனால் போய்ச் சேர்ந்த அன்றே நிரப்பிவிடுங்கள்.

ரொக்கம் எடுத்துப் போங்கள். காஸாவில் ஏடிஎம் இருக்கிறது, பணம் இருப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சிக்னல் இல்லாத இடத்தில் யுபிஐயும் இல்லை. குன்சுமுக்கு முன்னால் இருக்கும் லோசர் தாண்டினால் போன் பெரும்பாலும் பொம்மைதான். எட்டாம் நாள் காலை வீட்டுக்கு "நாளை சாயங்காலம் வரை பேச முடியாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மேப்பை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சாலை விதி ஒன்று. மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். எதிரே லாரி வந்தால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்தாக்குப் பக்கம் ஒருபோதும் வேண்டாம். ஓரத்து மண் வெறும் குவியல், உங்கள் கால் ஊன்றும் இடமே சரியும்.

உயர நோயை ஏளனமாக எடுக்காதீர்கள். உடற்பயிற்சி செய்து திடமாக இருப்பவனுக்கு வராது என்பது பொய். தலைவலி, பசியின்மை, குமட்டல் இருந்தால் அன்று மேலே ஏறாமல் அதே இடத்தில் தங்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுவது, பேச்சு குழறுவது ஆகியவை நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோப்பதன் அடையாளம். அப்போது ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் கீழே இறக்க வேண்டும், அவரை வண்டி ஓட்ட விடக் கூடாது. டயமாக்ஸ் என்று கடையில் கேட்கும் அசெட்டசோலமைடு மாத்திரையை 125 மில்லிகிராம் காலை ஒன்று, இரவு ஒன்று என்று ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து எடுப்பது வழக்கம். விரல் நுனி மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் போகும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம். ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டு எடுங்கள். அது உடம்பு பழக உதவும் மருந்து, அவசரமாக ஏறுவதற்கான லைசென்ஸ் இல்லை. காஸா வரை ராத்திரி பியரையும் மறந்துவிடுங்கள்.

சந்திரதால் பற்றி இரண்டே வரி. ஏரிக்கரையில் கூடாரம் போட அனுமதி இல்லை, முகாம்கள் சில கிலோமீட்டர் தள்ளித்தான். வண்டியையும் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நடக்க வேண்டும். ஏரியைச் சாயங்காலமே பார்த்துவிடுங்கள், காலை நேரம் ஓடைக்கு உரியது.

கடைசியாக உங்கள் மூன்றாமவர். இரண்டு மாதம் கையில் இருக்கிறது. வாரம் ஒரு நாள் அவரைக் காய்ந்த ஆற்றுப்படுகைக்கோ கல் பாதைக்கோ கூட்டிப்போய், நின்றுகொண்டு ஓட்டுவது, பின்பிரேக் மட்டும் வைத்து இறங்குவது, கீழே விழுந்த வண்டியைத் தனி ஆளாகத் தூக்குவது மூன்றையும் பழக்குங்கள். பின்னால் உட்கார்ந்து வரட்டும் என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள். கூடுதலாக ஒரு ஆள் ஏறினால் சரளையில் ஓட்டுபவருக்கும் கட்டுப்பாடு போய்விடும். கின்னௌர் வழியில் காஸா வரை அவர் தாராளமாக ஓட்டலாம். ஆறாம் நாள் கோமிக் சாலையில் அவருக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு கொண்டைஊசியிலும் காலை ஊன்றுகிறார், தோள் காதுவரை ஏறியிருக்கிறது, இறக்கத்தில் முன்பிரேக்கைப் பிடிக்கிறார் என்றால் அன்று இரவே பேசி முடிவெடுங்கள். காஸாவிலிருந்து மணாலிக்கு விடிகாலையில் ஷேர் சுமோ கிளம்பும், முந்தின நாளே இடம் சொல்லி வைக்க வேண்டும். அவர் அதில் வரட்டும், வண்டியைப் பிக்கப்பில் ஏற்றிவிடலாம். வாடகை ஐயாயிரமோ பத்தாயிரமோ, மூன்று பேரும் பங்கு போட்டுக்கொள்வதாகக் கோவையிலேயே பேசி வைத்துவிடுங்கள். அப்போதுதான் அவர் தயங்காமல் "என்னால் முடியாது" என்று சொல்வார்.